அமெரிக்கக் கிறிஸ்தவக் கன்சர்வேட்டிவ்கள்: பிரீசிங்ட் முதல் ஸ்கூல் போர்டு வரை அடிமட்ட அரசியல் நடக்கும் விதம்

#1 – நூலகவாசி

நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் அமெரிக்க இவாஞ்சலிக்கல்கள் (பைபிளை முழு ஆதாரமாகக் கொள்ளும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) பற்றி வருவதெல்லாம் அதிபர் தேர்தலோடு சரி. "ஐந்தில் நாலு பேர் டிரம்புக்குப் போட்டார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு முடித்துவிடுவார்கள். அந்த ஓட்டு கீழே எப்படித் திரள்கிறது, எந்தப் பதவியில் தொடங்குகிறது, எங்கே பிசகுகிறது என்று யாராவது விவரமாகச் சொன்னால் நல்லது. கருக்கலைப்பு சரியா தவறா என்ற சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் பேசுவோம்.

#2 – பிரீசிங்ட்பாண்டி

டெக்சாஸிலிருந்து தொடங்குகிறேன், எனக்குப் பழக்கமான சட்டம் அது.

கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) முழுவதும் பிரீசிங்டுகளாக, அதாவது சின்ன வாக்குப்பதிவு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு பிரீசிங்டில் 100 முதல் 5,000 வாக்காளர்கள் வரை இருக்கலாம் என்பது பொது விதி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கட்சியிலும் ஒரு பிரீசிங்ட் சேர் (கட்சியின் வட்டாரத் தலைவர்). இரட்டைப்படை ஆண்டு மார்ச் பிரைமரியில் (கட்சி வேட்பாளர்களைத் தேர்வுசெய்யும் தேர்தல்) தேர்வு, பதவிக்காலம் 2 ஆண்டு. மற்ற பதவிகளுக்கு மனு நவம்பரில்தான் தொடங்கும், இதற்கு மட்டும் செப்டம்பரிலேயே திறந்துவிடும். கடைசி நாள் டிசம்பர் இரண்டாம் திங்கள். கட்டணம் கிடையாது. அந்த பிரீசிங்டில் குடியிருக்கிற, பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. அதனால்தான் எந்தக் கவுண்டியிலும் கணிசமான நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். காலி இடத்தைக் கவுண்டி எக்சிக்யூட்டிவ் கமிட்டி நியமனம் செய்து நிரப்பலாம். அந்தக் கமிட்டி என்பதே கவுண்டி சேரும் இந்த பிரீசிங்ட் சேர்களும்தான். அதாவது ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள்தான் அடுத்து யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கிறார்கள்.

1988-ல் டிவி போதகர் பாட் ராபர்ட்சன் ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளர் பதவிக்குப் போட்டியிட்டு, அயோவா காக்கஸில் (கட்சிக்காரர்கள் ஊர்வாரியாகக் கூடி ஓட்டுப் போடும் கூட்டம்) துணை அதிபர் புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தார். வேட்பாளர் பதவி கிடைக்கவில்லை, ஆனால் ஆட்கள் பட்டியல் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்டியன் கோயலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, ரால்ஃப் ரீட் என்பவரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். அதே 1989-ல்தான் இன்னொரு போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லின் மாரல் மெஜாரிட்டி என்ற இயக்கம் கடையைக் கட்டியது. மாரல் மெஜாரிட்டி டிவியையும் தபால் வசூலையும் நம்பிய இயக்கம், கிறிஸ்டியன் கோயலிஷன் காலி நாற்காலிகளைத் தேடிப் போன இயக்கம்.

#3 – சுபா_ஹூஸ்டன்

சரி அண்ணா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன கிழிக்க முடியும்?

#4 – பிரீசிங்ட்பாண்டி

நியாயமான கேள்விதான் சுபா. மூன்று விஷயம் சொல்லலாம்.

வேட்பாளராகத் தேர்வானவர் இறந்துபோனாலோ விலகினாலோ, கவுண்டி அளவிலான பதவிக்கு மாற்று வேட்பாளரைக் கட்சி சார்பில் தேர்ந்தெடுப்பது இந்தக் கமிட்டி. அபூர்வமாக நடக்கும். நடந்தால் சில டஜன் பேர் கைதூக்கி முடிந்துவிடும்.

இரண்டாவது கன்வென்ஷன், அதாவது கட்சி மாநாடு. பிரைமரி முடிந்ததும் பிரீசிங்ட் கன்வென்ஷன் கூடும். முந்தைய கவர்னர் தேர்தலில் அந்த பிரீசிங்டில் கட்சி வேட்பாளர் வாங்கிய ஒவ்வொரு 25 ஓட்டுக்கும் ஒரு பிரதிநிதி மேலே போகலாம். 500 ஓட்டு என்றால் 20 பேர். வந்திருப்பது நாலே பேர் என்றால் நாலு பேருமே பிரதிநிதி, போட்டியே இல்லை. அங்கே யார் வேண்டுமானாலும் தீர்மானம் கொண்டுவரலாம். அது கவுண்டி அல்லது செனட் மாவட்டக் கன்வென்ஷனுக்கும், அங்கிருந்து மாநிலக் கன்வென்ஷனின் பிளாட்ஃபார்ம் (கட்சிக் கொள்கை அறிக்கை) கமிட்டிக்கும் போகும். டெக்சாஸ் ரிபப்ளிகன் பிளாட்ஃபார்மைப் படித்துவிட்டு "இதை யார் எழுதினார்கள்" என்று தலையைச் சொறிகிறவர்களுக்குப் பதில் இதுதான். ஆளில்லாத கூட்டத்துக்கு வந்தவர்கள் எழுதியது.

மூன்றாவது பட்டியல். டெக்சாஸில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது. யார் எந்தக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போட்டார் என்ற பதிவு மட்டும் உண்டு, அதை வைத்துத்தான் பிரசாரங்கள் ஆளை அடையாளம் காணும். நவம்பர் பொதுத்தேர்தலுக்கு மட்டும் வருகிற சபை (சர்ச்) விசுவாசி அந்தப் பட்டியலில் ஆளாகவே தெரியமாட்டார். போன் வராது, கதவைத் தட்டமாட்டார்கள். தன் தெருவில் யார் அப்படி இருக்கிறார்கள் என்று பிரீசிங்ட் சேருக்குத்தான் தெரியும்.

#5 – பாலைவனப்பட்சி

அரிசோனாவில் இதே பதவிக்குப் பல் இன்னும் கூர்மை. பெயர் பிரீசிங்ட் கமிட்டிமேன். ஒரு பிரீசிங்டுக்கு ஒருவர் மட்டும் இல்லை. அடிப்படை ஒன்று, அதற்கு மேல் கட்சியில் பதிவு செய்த ஒவ்வொரு 125 வாக்காளருக்கும் இன்னொன்று. மனுவுக்குக் கையெழுத்து 10, அல்லது பிரீசிங்டில் கட்சி வாக்காளரில் 2 சதவீதம், எது குறைவோ அது. ஞாயிறு ஆராதனை முடிந்து பார்க்கிங்கில் பத்து நிமிடம் நின்றால் தேறிவிடும் என்று சொல்வார்கள். தேறாது. அதே பிரீசிங்டில் குடியிருக்கிறவர் கையெழுத்துதான் செல்லும், சபைக்கு வருகிறவர்கள் நாலா திசையிலிருந்தும் வருகிறவர்கள். தெருவில் பத்து வீடு ஏறுவதுதான் வழி.

பல் எங்கே என்றால்: மாநில சட்டமன்ற இடம் நடுவில் காலியானால், அந்த மாவட்டக் கட்சி அமைப்பில் 30 பேருக்குக் குறையாமல் தேர்தலில் வந்த கமிட்டிமேன்கள் இருந்தால், அவர்கள் கூடி மூன்று பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுண்டி சூப்பர்வைசர் போர்டு அந்த மூன்றில் ஒருவரை நியமிக்கும். மக்கள் ஓட்டே இல்லாமல் ஒருவர் எம்.எல்.ஏ. ஆகிறார்.

கவனியுங்கள், *தேர்தலில் வந்த*. நடுவில் நியமனமாகி வந்தவர் கூட்டத்துக்கு வரலாம், பிரசுரம் கொடுக்கலாம், சட்டம் கேட்கிற ஓட்டு அவருக்குக் கிடையாது. ஒரு பேச்சைக் கேட்டுக் கொதித்து எழுந்து அடுத்த மாதமே சேர்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

#6 – அயோவா அருள்

காக்கஸ் பக்கம் ஒரு சம்பவம் இருக்கிறது, பாடமே அதுதான். 2012.

ரிபப்ளிகன் காக்கஸில் முதலில் துண்டுச்சீட்டில் ரகசிய ஓட்டு. எண்ணி அறிவிப்பார்கள். அதன் பிறகு கவுண்டி கன்வென்ஷனுக்குப் பிரதிநிதிகள், கமிட்டி ஆட்கள், பிளாட்ஃபார்ம் தீர்மானங்கள் என்று கூட்டம் நீளும். ஜனவரிக் குளிர், குழந்தைகள் தூங்கிவிடும், ஓட்டுப் போட்டவுடன் பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அந்த ஆண்டு அதிபர் வேட்பாளர் போட்டியில் சபைகளின் ஓட்டு ரிக் சாண்டோரம் பக்கம் திரண்டது. இரவு அவருடைய போட்டியாளர் மிட் ராம்னி 8 ஓட்டில் முன்னிலை என்றார்கள். இரண்டு வாரம் கழித்துச் சான்றளித்த எண்ணிக்கையில் சாண்டோரம் 34 ஓட்டில் முன்னால். அதுவும் எட்டு பிரீசிங்டுகளின் படிவம் கிடைக்கவே இல்லை. இதெல்லாம் செய்தியில் வந்தது. ஆனால் ஆகஸ்டில் தேசிய கன்வென்ஷனில் அயோவாவின் 28 பிரதிநிதி ஓட்டில் 22 யாருக்குப் போனது? மூன்றாவதாக வந்த ரான் பாலுக்கு. அவருடைய ஆட்கள் கடைசிவரை உட்கார்ந்து தங்களைப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், கவுண்டி, மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும். சபைக்காரர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

2016 முதல் காக்கஸ் ஓட்டு விகிதத்துக்குப் பிரதிநிதிகளைக் கட்டிப்போடும் விதி வந்துவிட்டது, அதே வித்தை இனி பலிக்காது. கமிட்டி இடங்களுக்கும் பிளாட்ஃபார்முக்கும் இன்றும் உட்கார்ந்திருப்பவர் ராஜ்ஜியம்தான்.

இன்னொன்று, 2010. அதற்கு முந்தைய ஆண்டு ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் மூன்று பேர் தொடர்வதா வேண்டாமா என்ற ஓட்டு வந்தது. பாப் வேண்டர் பிளாட்ஸ் என்ற கிறிஸ்தவக் கன்சர்வேட்டிவ் தலைமையில் வேண்டாம் என்ற பிரசாரம். மூவரும் போனார்கள். 1962-ல் அந்த முறை வந்ததிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரும் தோற்றதில்லை. வழக்கமாக வாக்காளர்கள் சீட்டில் அந்தப் பகுதிக்கு வருவதற்குள் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள், இவர்கள் அந்தப் பகுதியை நிரப்பச் சொல்லிக்கொடுத்தார்கள். 2012-ல் நாலாவது நீதிபதிக்கு அதையே செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. எதிர்த்தரப்பும் அதற்குள் விழித்திருந்தது, அதிபர் தேர்தல் ஆண்டு என்பதால் கூட்டமும் வேறு.

#7 – ஆடிட்டர் அம்புஜம்

எல்லாரும் சபை சபை என்கிறீர்கள். வரிச் சட்டத்தையும் பேசிவிடுவோம், அங்கேதான் கை சுடும்.

1954-ல் வந்த ஜான்சன் அமெண்ட்மென்ட்: 501 (சி)(3) என்ற பிரிவில் வரிவிலக்கு பெற்ற அமைப்பு (சபைகளும் இதில் அடக்கம்) எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரத்தில் ஈடுபடக் கூடாது. மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2007-ல் வெளியிட்ட 2007-41 என்ற தீர்ப்புரையில் 21 சூழல்களை எடுத்து எது சரி, எது தவறு என்று சொல்லியிருக்கிறது. போதகர் கையில் இருக்க வேண்டியது அது.

சபை செய்யலாம்: வாக்காளர் பதிவு மேசை, "ஓட்டுப் போடுங்கள்" என்ற அறிவிப்பு, எல்லா வேட்பாளரையும் அழைத்துக் கூட்டம், பல்வேறு விஷயங்களில் வேட்பாளர் நிலைப்பாட்டைச் சாய்வில்லாமல் தரும் கையேடு. மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் வாக்கெடுப்புத் திட்டங்களில் நிலை எடுக்கலாம், அது லாபியிங் (சட்டத்தை மாற்ற ஆதரவு திரட்டும் வேலை) கணக்கு, மொத்த வேலையில் சிறு பங்கைத் தாண்டக் கூடாது.

போதகர் தனி மனிதராக யாரையும் ஆதரிக்கலாம். சபை மேடையில், சபை இதழில், சபைப் பணத்தில் கூடாது.

சறுக்குகிற இடம் கையேடு. கேள்வியின் வார்த்தையிலேயே விடையைச் சொல்லிவிடுவார்கள். அல்லது நாலு கேள்வியும் ஒரே விஷயத்தைச் சுற்றும். அல்லது வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் "சபையின் நிலைப்பாடு" என்று ஒரு பத்தி வைப்பார்கள். மூன்றுமே சாய்வுக்குச் சாட்சி.

டெக்சாஸில் இன்னொரு கண்ணியும் உண்டு. சபை பெரும்பாலும் லாப நோக்கற்ற கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருக்கும். கார்ப்பரேஷன் வேட்பாளருக்கு நன்கொடை தரக் கூடாது என்பது மாநிலச் சட்டம், மீறினால் ஃபெலனி (கடுமையான குற்றம்). ஹாலை ஒரு வேட்பாளருக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்தாலே அது நன்கொடைதான். மற்றவரிடம் வாங்குகிற அதே வாடகையை வாங்கி ரசீது போடுங்கள். உறுப்பினர் பட்டியலைப் பிரசாரத்துக்குக் கொடுப்பதும் இதே ரகம். 2004-ல் புஷ் பிரசாரம் சபை டைரக்டரிகளைக் கேட்டபோது முகம் சுளித்தவர்களில் கன்சர்வேட்டிவ் பாப்டிஸ்ட் தலைவர்களும் உண்டு.

#8 – தென்காசி_டென்டன்

அம்புஜம் மேடம், மேடையிலேயே பெயர் சொல்லி ஓட்டுக் கேட்கிற வீடியோக்கள் நூறு இருக்கின்றன. யாருக்கு என்ன ஆயிற்று?

#9 – ஆடிட்டர் அம்புஜம்

பெரிய அளவில் ஒருவருக்கு ஆயிற்று. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சபை 1992-ல் கிளின்டனுக்கு எதிராகச் செய்தித்தாளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, அதிலேயே நன்கொடையும் கேட்டது. 1995-ல் விலக்கு ரத்து, 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. 2008-ல் 33 போதகர்கள் வேண்டுமென்றே மேடையில் வேட்பாளர்களைப் பற்றிப் பேசி, வழக்குப் போடட்டும் என்று காத்திருந்தார்கள். ஐ.ஆர்.எஸ். வாய் திறக்கவில்லை.

2025 ஜூலையில் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் ஐ.ஆர்.எஸ். கூட்டு மனு போட்டது. ஆராதனையோடு சேர்த்து, வழக்கமான வழியில், சபையிடம் போதகர் பேசுவதைப் பிரசாரத் தலையீடாகக் கருத வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதை வைத்துப் பலர் தடை நீங்கிவிட்டது என்று கொண்டாடினார்கள். அது ஒரு வழக்கின் மனு. சட்டத்தின் வாசகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதில் பேச்சு மட்டும்தான் வருகிறது, பணமும் ஹாலும் பட்டியலும் வராது. நான் கணக்கு எழுதினால் பழைய கோட்டுக்கு உள்ளேதான் எழுதுவேன்.

#10 – கணக்குப்புள்ள

இப்போது ஸ்கூல் போர்டு, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும், தேர்தலில் வருகிற குழு. மேலே சொன்னதெல்லாம் பலன் தருகிற இடம் இதுதான்.

டெக்சாஸில் பல பள்ளி மாவட்டங்களில் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) இந்தத் தேர்தல் மே முதல் சனிக்கிழமை நடக்கும். 2026-ல் மே 2. மனு கடைசி நாள் பிப்ரவரி 13, வாக்காளர் பதிவு ஏப்ரல் 2, முன்கூட்டி ஓட்டு ஏப்ரல் 20 முதல் 28. கட்சிச் சின்னம் சீட்டில் இருக்காது. ஒரு டாலர் வாங்குவதற்கோ செலவழிப்பதற்கோ முன்னால் பிரசாரப் பொருளாளரை நியமித்துப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். சொந்தக் காசில் பலகை அச்சடித்தாலும் அப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள், உதாரணத்துக்கு. பதிவு பெற்றவர் 48,000. கடந்த மூன்று மே தேர்தல்களின் சராசரி வருகை 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,840 ஓட்டு. இருவர் போட்டியில் 1,921 வேண்டும், பத்து சதவீதம் கூட்டி 2,100 சொச்சம் என்று இலக்கு வைப்பார்கள். நவம்பர் வருகையை எடுத்துக் கணக்குப் போட்டவர் 15,000 பேரைத் துரத்தி எல்லாரையும் அரைகுறையாகத்தான் பிடிப்பார்.

இனி சபை. 2,000 பேர் கூடுகிற பெரிய சபை என்றால் வேட்பாளர் முகம் மலர்ந்துவிடும். அந்தக் கூட்டம் ஐந்தாறு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து வருவது. இந்த எல்லைக்குள் குடியிருப்பவர் 500, அதில் பெரியவர் 350, பதிவானவர் 270, மே மாதம் வழக்கமாக ஓட்டுப் போடுகிறவர் 30 என்ற மாதிரிதான் சுருங்கும். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், சுருங்குவது மாறாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெரிய சபை மேடையைத் தேடுவதில்லை. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற சின்னச் சபைகள், வீட்டுப் பள்ளிக் குழுக்கள், ஜெபக் குழுக்கள் இவற்றிலிருந்து தன்னார்வலர் 40 பேரை எடுத்து, ஆளுக்கு 50 பேர் என்று பெயர் போட்டுக் கொடுப்பார்கள்.

முன்கூட்டி ஓட்டு தொடங்கியதும் யார் ஓட்டுப் போட்டார் என்ற பட்டியல் மறுநாள் காலை 11 மணிக்குள் பொதுவில் வந்துவிட வேண்டும். யாருக்குப் போட்டார் என்பது வராது. அதை இறக்கி, போட்டவர் பெயரை அடித்துவிட்டு, மீதிப் பேருக்கு மட்டும் அன்று மாலை போன். இந்த ஒரு வேலையைத் தினமும் செய்யாத பிரசாரம் ஏற்கனவே போட்டவரையே திரும்பத் திரும்ப அழைத்து எரிச்சலூட்டிக்கொண்டிருக்கும்.

வெட்டிக்கொள்கிற இடமும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், 50 சதவீதம் வேண்டியதில்லை, ரன்-ஆஃப் (இரண்டாம் சுற்று) இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு சபைக்காரர்கள் நின்றால் இருவரும் சேர்ந்து 55 வாங்கியும் 45 வாங்கினவர் பதவி ஏற்பார். ஜனவரியிலேயே உட்கார்ந்து பேசி ஒருவரை விலக்க வேண்டும். மனு தேதி முடிந்தபின் பேசிப் பயனில்லை.

2022 மேயில் டாலஸ்-ஃபோர்ட்வொர்த் பகுதியில் பேட்ரியட் மொபைலின் அரசியல் பிரிவு நாலு மாவட்டங்களில் 11 பேரை நிறுத்தி 11 பேரும் ஜெயித்தது இப்படித்தான். தங்களைக் கிறிஸ்தவக் கன்சர்வேட்டிவ் செல்போன் கம்பெனி என்று சொல்லிக்கொள்கிறவர்கள். செலவு சுமார் 6 லட்சம் டாலர். ஸ்கூல் போர்டுக்கு அது மலைபோல் பணம்.

#11 – மறுபக்கம்

ஜெயித்த கதை மட்டும் ஓடுகிறது, கணக்குப்புள்ள. 8 சதவீத வருகையில் கிடைத்தது 20 சதவீத வருகையில் போய்விடும்.

கலிபோர்னியாவின் விஸ்டா, 1992. ஸ்கூல் போர்டின் ஐந்து இடத்தில் மூன்று மதக் கன்சர்வேட்டிவ்களுக்கு வந்தது. படைப்புவாதத்துக்கு வகுப்பில் இடம், பாலியல் கல்வியை மாற்றுவது என்று வேகமாகப் போனார்கள். 1994-ல் ரீகால் (பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கும் ஓட்டு), பெரும்பான்மை கவிழ்ந்தது. பென்சில்வேனியாவில் சென்ட்ரல் பக்ஸ், 2023: நூலகப் புத்தகக் கொள்கையில் தொடங்கிய சண்டை, போட்டியிருந்த ஐந்து இடமும் டெமாக்ரட்களுக்கு.

வாக்கெடுப்பிலும் இதே பாடம். கன்சாஸ் 2022: கருக்கலைப்பு உரிமையை நீக்கும் மாநில அரசியல் சட்டத் திருத்தத்தை வேண்டுமென்றே ஆகஸ்ட் பிரைமரியில் வைத்தார்கள், கூட்டம் குறைவாக இருக்கும் என்று. கூட்டம் பெருகி 59-க்கு 41 என்று தோற்றது. ஓஹாயோ அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும் என்று மாற்றப் பார்த்து 57-க்கு 43 என்று விழுந்தது. குறைந்த வருகையை நம்பிப் போடுகிற திட்டம், விஷயம் சூடானால் குறைந்த வருகையாக இருக்காது.

இன்னொரு திருத்தம். சபை வழியாக ஓட்டுத் திரட்டுவது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. கறுப்பினச் சபைகள் ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் வைத்து முன்கூட்டி ஓட்டுக்குக் கூட்டிப்போவது நெடுநாள் வழக்கம். அரசியல் நேர் எதிர், வேலை முறை ஒன்றே.

#12 – கணக்குப்புள்ள

மறுபக்கம் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. விஸ்டாவில் தோற்றது ஓட்டுத் திரட்டும் முறை அல்ல. ஜெயித்தபின் நடந்துகொண்ட விதம். வரவு செலவு, பஸ் வழித்தடம், ஆசிரியர் சம்பளம் என்று போர்டின் பெரும்பாலான வேலை அதுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே விஷயத்துக்காக வந்தவர்கள் முதல் பட்ஜெட் கூட்டத்திலேயே அம்பலப்பட்டுவிடுகிறார்கள்.

#13 – சுபா_ஹூஸ்டன்

நம்மவர்கள் சபைகளிலும் பதிவு மேசை போட ஆரம்பித்திருக்கிறார்கள். எச்1பி, கிரீன் கார்டு ஆட்கள் நிறைய வருகிற இடம். அதற்கு ஏதாவது எச்சரிக்கை?

#14 – ஆடிட்டர் அம்புஜம்

முக்கியமான கேள்வி சுபா. குடியுரிமை இல்லாதவர் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டாலே குற்றம், ஓட்டுப் போடாவிட்டாலும். "யாரோ நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்" என்பது செல்லுபடியாகாமல் நாடு கடத்தல்வரை போகலாம். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் எப்போதாவது பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று கேள்வியே உண்டு. மேசையில் இருப்பவர் படிவத்தை நீட்டும் முன் "அமெரிக்கக் குடிமகனா?" என்று கேட்டே ஆக வேண்டும். கிரீன் கார்டு காட்டினால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

நன்கொடை: கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். எச்1பி, மாணவர் விசா ஆட்கள் ஸ்கூல் போர்டு வேட்பாளருக்குக்கூட ஒரு டாலர் தரக் கூடாது. சம்பளமில்லாத் தன்னார்வ வேலை செய்யலாம்.

டெக்சாஸில் ஆன்லைன் பதிவு கிடையாது. நிரப்பிய படிவங்களை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் கவுண்டி நியமித்த வாலண்டியர் டெபுட்டி ரெஜிஸ்ட்ரார் ஆக இருக்க வேண்டும். வாங்கிய ஐந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். "அடுத்த ஞாயிறும் சேர்த்துக் கொண்டுபோகலாம்" என்று வைத்திருந்தால் அப்போதே கெடு தாண்டிவிட்டது.

#15 – பிரீசிங்ட்பாண்டி

வயதானவர்கள் தபால் ஓட்டு பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். 65 வயதானவர் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். 2021 சட்டத்துக்குப் பிறகு உறையில் லைசென்ஸ் எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நாலு இலக்கம் எழுத வேண்டும். அந்தக் கட்டம் உறையின் மடிப்புக்கு அடியில் இருந்தது, பலர் கவனிக்காமல் ஒட்டிவிட்டார்கள். 2022 மார்ச் பிரைமரியில் வந்த தபால் ஓட்டில் 12 சதவீதத்துக்கு மேல் நிராகரிப்பு. முப்பது வருடத்துக்கு முன் பதிவு செய்த தாத்தா எந்த எண்ணைக் கொடுத்தார் என்று அவருக்கே நினைவிருக்காது, கோப்பில் ஒன்றும் உறையில் வேறொன்றும் இருக்கும். விண்ணப்பத்திலும் உறையிலும் இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள், ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். பிரச்சினை என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால் திருத்த அவகாசம் குறைவு, கடிதத்தைப் பிரிக்காமல் டிராயரில் போடாதீர்கள்.